ஒரே ஹேங்கரில் நான்கு சிறு விமானங்கள்: இடத்தைச் சேமிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வர்ஜீனியா விமான நிலையம் கடலை ஒட்டி இருக்கிறது. ஓடுபாதையில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும், உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். அந்த உப்புதான் அலுமினியத்துக்கு எமன். உள்நாட்டில், ஜோகன்னஸ்பர்க் பக்கம், கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு ஆலங்கட்டி விழும். ஒரு பத்து நிமிட ஆலங்கட்டி மழை இறக்கையின் மேல்தகட்டைப் பள்ளம் பள்ளமாக்கிவிடும். ஆகவே இந்த நாட்டில் விமானம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் கூரை வேண்டும். கூரை குறைவு, வாடகை அதிகம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஹேங்கர் (விமானக் கொட்டகை) எடுத்ததும் அதனால்தான்.

எங்களிடம் இருப்பவை: ஒரு செஸ்னா 172, ஒரு பைப்பர் செரோக்கி 140, இங்கேயே ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் தயாராகும் ஸ்லிங் 2, இறக்கை மடங்கும் ஒரு கிட்ஃபாக்ஸ். ஹேங்கர் 19 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். முதல் மாதம் மூன்று விமானம்தான் உள்ளே போனது, நான்காவது வெளியே தார்ப்பாய்க்குள் நின்றது. இன்றைக்கு நான்கும் உள்ளே இருக்கின்றன. நடுவில் என்ன செய்தோம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

இடம் எங்கே ஒளிந்திருக்கிறது

செஸ்னா 172-இன் இறக்கை நீளம் 11 மீட்டர், மூக்கிலிருந்து வால் வரை 8.28 மீட்டர். பெருக்கினால் 91 சதுர மீட்டர். ஆனால் அதன் இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர்தான். உடம்பையும் வாலையும் சேர்த்தால்கூட அந்தச் செவ்வகத்தில் ஏறக்குறைய கால் பங்கு மட்டுமே நிரம்புகிறது. மீதி முக்கால் பங்கும் வெறும் காற்று. அந்தக் காற்று மூன்று இடங்களில் இருக்கிறது: வாலுக்கு இரண்டு பக்கமும் உள்ள மூலைகள், உயர்ந்த இறக்கையின் அடி, மூக்குக்கு இரண்டு பக்கமும் உள்ள சின்ன இடுக்குகள்.

இடம் போதவில்லை என்று சொல்பவர்களில் பலர் கார் நிறுத்துவது போல விமானத்தை நிறுத்துகிறார்கள், பக்கத்தில் பக்கத்தில், எல்லா மூக்கும் ஒரே திசையில். விமானம் சிலுவை வடிவம். சிலுவைகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும்.

முதலில் கதவு, அப்புறம்தான் விமானம்

எங்கள் ஹேங்கருக்கு வந்து பார்த்த வயதான மெக்கானிக் ஒருவர் உள்ளேகூட நுழையவில்லை. வாசலில் நின்றபடியே, "தம்பி, முதல்ல கதவை அள. உள்ளே எவ்வளவு இடம் இருந்தா என்ன, வாசல் விட்டாத்தானே உள்ளே போகும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கதவை முழுக்கத் திறந்து வைத்து, உண்மையில் கிடைக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். வரைபடத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். தள்ளுகதவு என்றால், திறந்த பலகைகள் ஓரத்தில் அடுக்கி நிற்கும் அகலம் வாசலில் கழிந்துவிடும். மேலே மடிந்து ஏறும் கதவு என்றால் உயரம் கழியும். எங்களுடையது தள்ளுகதவு. தண்டவாளத்தைச் சுவருக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக் கொடுத்தோம், பலகைகள் வெளியே போய் நின்றன, வாசல் முழு அகலமும் கிடைத்தது. எங்கள் செலவில் மிக அதிகப் பலன் கொடுத்தது அதுதான். கட்டட உரிமையாளரிடம் அனுமதி வாங்கிச் செய்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உயரத்தை நடுவில் ஓரிடம், இரண்டு ஓரத்தில் இரண்டிடம் அளந்து பாருங்கள். கூரைத் தாங்கிகள் நடுவில் தொங்கியிருக்கலாம், விளக்குகள் கீழே இறங்கியிருக்கலாம். தரைச் சரிவையும் பாருங்கள். தண்ணீர் வடிய வேண்டும் என்று வாசல் பக்கம் சரித்திருப்பார்கள். அந்தச் சரிவில் விமானம் தானாக உருளும்.

விமானத்தை அளப்பது

புத்தகத்தில் இருக்கும் எண்கள் தொடங்குவதற்குப் போதும். செரோக்கி 140-க்கு இறக்கை 9.14 மீட்டர், ஸ்லிங் 2-க்கு 9.17 மீட்டர். ஆனால் உங்கள் விமானத்தில் பிறகு பொருத்திய ஆன்டெனா, விளக்கு, இறக்கை நுனி எதுவும் புத்தகத்தில் இருக்காது. நாடாவை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். எழுதி வைக்க வேண்டியவை: இறக்கை நீளம், முழு நீளம், வால் உயரம், இறக்கை நுனியின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரம், படுக்கை வாலின் (வாலில் கிடைமட்டமாக நீளும் சிறு இறக்கை) அகலமும் உயரமும், மூக்கிலிருந்து இறக்கையின் முன்விளிம்பு எவ்வளவு தூரம். இந்தக் கடைசி அளவை யாரும் எடுப்பதில்லை. கோக்கும் வேலைக்கு அதுதான் மிக முக்கியம்.

காகிதத்தில் விளையாடுங்கள்

ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஹேங்கரைக் கட்டம்போட்ட தாளில் வரையுங்கள். எங்களுடையது 38-க்கு 30 சென்டிமீட்டர் வந்தது. செஸ்னாவின் இறக்கை 22 சென்டிமீட்டர். ஒவ்வொரு விமானத்தையும் மேலிருந்து பார்க்கும் வடிவத்தில் கெட்டி அட்டையில் வெட்டி எடுங்கள். உயர் இறக்கை (உடம்புக்கு மேலே இறக்கை) விமானத்துக்கு ஒரு நிறம், தாழ் இறக்கைக்கு (உடம்புக்கு அடியில் இறக்கை) வேறு நிறம். இரண்டு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாம், ஒரே நிறம் ஏறக்கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு சமையல் மேசையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். என் மகள் எனக்கு முன்பே விடையைக் கண்டுபிடித்தாள்.

கோக்கும் முறைகள்

முதல் முறை, தலைமாற்றி வைப்பது. ஒன்றின் மூக்கு வாசலைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பதன் மூக்கு பின்சுவரைப் பார்க்கட்டும். அப்போது ஒன்றின் இறக்கை மற்றதன் மெல்லிய வால்பகுதிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். இரண்டு ஸ்லிங் விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இறக்கை மட்டுமே 18 மீட்டருக்கு மேல். தலைமாற்றிக் கோத்தபோது அட்டையில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 15 மீட்டரில் அடங்கின.

இரண்டாவது, உயர் இறக்கைக்கு அடியில் தாழ் இறக்கை. செஸ்னாவின் இறக்கை அடி ஒரு ஆள் உயரத்தில் இருக்கும், செரோக்கியின் இறக்கை நுனி இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. செஸ்னாவின் இறக்கையை உடம்போடு சேர்த்துத் தாங்கும் சாய்வுக் கம்பி மையத்திலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் தூரத்தில் இறக்கையைத் தொடுகிறது. அதற்கு உள்பக்கம் எதையும் நுழைக்க முடியாது. வெளிப்பக்கம் இருக்கும் சுமார் மூன்று மீட்டர்தான் உங்களுக்கு. செரோக்கியின் வாலையும் கேபினையும் அந்த இறக்கைக்கு அடியில் கொண்டுபோகக்கூடாது, செங்குத்து வால் 2.2 மீட்டர், நிச்சயம் இடிக்கும். நுனிக்கு அடியில் நுனி, அவ்வளவுதான்.

எங்கள் கணக்கைப் பாருங்கள். 11-உம் 9.14-உம் சேர்ந்து 20.14. இரண்டு சுவருக்கும் நடுவுக்கும் 40 சென்டிமீட்டர் வீதம் விட்டால் 21.34 மீட்டர். எங்களிடம் இருப்பது 19. நுனிகள் இரண்டு மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நடு இடைவெளி தேவையில்லை, 18.94 மீட்டரில் சரியாக உட்காருகிறது. கம்பிக்கும் செரோக்கிக்கும் நடுவில் இன்னும் ஒரு மீட்டர் மிச்சம்.

செங்குத்து இடைவெளியை எவ்வளவு விடுவது? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், கண் மதிப்பு உதவாது. செஸ்னாவின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவில் சுமார் இரண்டரை மீட்டர். இறக்கை நுனியோ மையத்திலிருந்து ஐந்தரை மீட்டர். ராத்திரியில் ஒரு டயரில் காற்று இறங்கி அந்தப் பக்கம் 6 சென்டிமீட்டர் தாழ்ந்தால், நுனி சுமார் 16 சென்டிமீட்டர் தாழும். ஆகவே 30 சென்டிமீட்டருக்குக் குறைவான செங்குத்து இடைவெளியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கீழே இருப்பது எண்ணெயும் காற்றும் அதிர்வைத் தாங்கும் சக்கரக் கால்கள் உள்ள விமானமாக இருந்தால், அதில் காற்று நிரப்பிய பிறகு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். கால் உயர்ந்திருக்கும், இறக்கையும் உயர்ந்திருக்கும்.

மூன்றாவது, வால்களுக்கு நடுவில் மூக்கு. செஸ்னாவும் செரோக்கியும் வாலை உள்ளே விட்டு முன்வரிசையில் நிற்கின்றன. இரண்டு வால்களுக்கும் நடுவில் ஒரு அகலமான இடைவெளி. பின்னால் நிற்கும் ஸ்லிங் தன் மூக்கை அந்த இடைவெளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் இறக்கைகள் செஸ்னாவின் வாலுக்குப் பின்னால் விரிந்திருக்கின்றன. பின்பக்க வலது மூலையில் கிட்ஃபாக்ஸ் இறக்கையை மடித்துக்கொண்டு நிற்கிறது. மடித்தால் அதன் அகலம் சுமார் இரண்டரை மீட்டர்தான்.

மடக்கு இறக்கை இடத்துக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஊசிகள், பூட்டுகள், கட்டுப்பாட்டு இணைப்புகள் எல்லாம் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விரித்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். எங்கள் ஹேங்கரில் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

எது முன்னால், எது பின்னால்

போன மூன்று மாதத்தில் யார் எத்தனை நாள் பறந்தார்கள் என்று பறப்புக் குறிப்பேட்டைப் பார்த்து எண்ணுங்கள். "நான் இனிமேல் அதிகமாகப் பறப்பேன்" என்ற வாக்குறுதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு விமானத்தையும் வெளியே எடுக்க எத்தனை மற்ற விமானங்களை நகர்த்த வேண்டும் என்று எழுதுங்கள். எங்களுக்கு: செஸ்னா சுழியம், செரோக்கி சுழியம், கிட்ஃபாக்ஸ் ஒன்று, ஸ்லிங் இரண்டு. செஸ்னாவும் செரோக்கியும் ஒன்றுக்கொன்று தடையில்லாமல் நேராக வெளியே வரும். ஸ்லிங் வைத்திருப்பவர் மாதத்துக்கு ஒரு முறை நீண்ட பயணம் போகிறவர், அவருக்குப் பின்னிடம் சரியாக இருந்தது. வாடகையிலும் அவருக்குக் கொஞ்சம் குறைத்தோம். அதுதான் நியாயம்.

விமானத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இடிக்க ஒரு வாய்ப்பு. ஆகவே மிக இறுக்கமாக அடைக்கும் அமைப்பைவிட, மிகக் குறைவாக நகர்த்தும் அமைப்பே நல்லது. அட்டையில் இரண்டு விடைகள் கிடைத்தால் இதை வைத்து முடிவெடுங்கள்.

மேலே தூக்கலாமா

மிக இலேசான விமானங்களைக் கூரையிலிருந்து தொங்கவிடுபவர்கள் உண்டு. கூரைத் தாங்கிகள் தகடு, காற்று ஆகியவற்றின் சுமைக்காகப் போட்டவை. ஒரு புள்ளியில் 300 கிலோ தொங்குவதற்காகப் போட்டவை அல்ல. கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு எழுத்தில் கொடுக்காமல் கூரையில் கொக்கி மாட்ட வேண்டாம். தரையில் நிற்கும் நான்கு கால் தூக்கி இதைவிடப் பாதுகாப்பு, ஆனால் அதன் கால்களே இடத்தைத் தின்னும். எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

நகர்த்தும் வேலை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இடம் மிச்சமாவது அட்டையில், விமானம் உடைவது இங்கே.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மேற்கே மேகம் கறுத்துவிட்டது. செரோக்கியைச் சீக்கிரம் உள்ளே தள்ள வேண்டும், நாங்கள் இருந்தது இரண்டு பேர். நான் முன்னால் இழுகம்பியில் (மூக்குச் சக்கரத்தில் மாட்டி இழுக்கும் கம்பி), நண்பர் இடது இறக்கையில். வலது இறக்கையில் ஆள் இல்லை. "போதும் போதும், இடம் இருக்கு" என்று நான்தான் சொன்னேன். ஒரு சின்ன 'டக்' சத்தம். வலது நுனியின் பச்சை விளக்குக் கண்ணாடி கதவுச் சட்டத்தில் பட்டுத் தெறித்து ஈரத் தரையில் கிடந்தது. விளக்கைச் சுற்றி நாரிழை நுனியில் ஒரு கைவிரல் நீளத்துக்கு விரிசல். மழை அதற்குப் பிறகு பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்து ஹேங்கரில் போய் ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து மூன்று பேர் இல்லாமல் இறுக்கமான இடத்தில் நகர்த்துவதில்லை. ஒருவர் இழுகம்பியில், இறக்கைக்கு ஒருவர். காவடித் திருவிழாவில் ரதம் இழுத்தவர்களுக்கு இது புதிதல்ல. வடம் பிடிப்பவர் ஒருவர் என்றால் சக்கரத்தில் கட்டை போடுபவர் வேறு, அவர் நில் என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். இங்கேயும் அப்படியே. மூன்று பேரில் யார் "நில்" என்றாலும் உடனே நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்கலாம்.

தொடுவதற்கு முன்னால்: மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். அப்படியிருந்தும் ப்ரொப்பெல்லரைத் துப்பாக்கி போல நினையுங்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் கையால் சுற்றியதற்கே என்ஜின் ஒரு முறை பற்றிச் சட்டென்று சுழன்றுவிடலாம். ஸ்பின்னரை (ப்ரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் கூம்பு மூடி) பிடித்துத் தள்ளக்கூடாது. படுக்கை வாலின் நுனியை அழுத்தித் திருப்பக்கூடாது. செஸ்னாவில் மூக்கைத் தூக்க வேண்டுமென்றால், வால் உடம்பில் உள்ளே சட்டம் இருக்கும் இடத்தில் அழுத்த வேண்டும். இழுகம்பியால் மூக்குச் சக்கரத்தைத் திருப்பும்போது இரண்டு பக்கமும் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. மீறினால் உள்ளே இருக்கும் தடுப்பு உடையும், அது அடுத்த தடவை தரையில் ஓட்டும்போதுதான் தெரியும்.

சின்ன மின்சார இழுவை வண்டி ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். மெதுவாகவும் ஒரே சீராகவும் நகரும், சென்டிமீட்டர் கணக்கில் நிறுத்தலாம். பக்கவாட்டில் நகர்த்த, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் வைக்கும் நான்கு உருளை உள்ள தட்டுகள் கிடைக்கும். மூலையில் விமானத்தைச் சாய்க்காமல் நேராகத் தள்ளிவைக்க அது பெரிய உதவி. ஆனால் தரை வழவழப்பாக, சரிவில்லாமல் இருக்க வேண்டும். தட்டில் ஏறிய விமானத்துக்குப் பிரேக் கிடையாது, அதை மறந்துவிடாதீர்கள்.

தரையில் கோலம்

அமைப்பு முடிவானதும், ஒரு மாதம் சாக்குக்கட்டியால் குறித்துப் பாருங்கள். பிழைகள் எல்லாம் அந்த மாதத்தில் வெளிவரும். அப்புறம் பெயின்ட். விமானத்துக்கு ஒரு நிறம். மூக்குச் சக்கரம் போகும் பாதைக்கு வாசலிலிருந்து ஒரு கோடு, மூன்று சக்கரங்களும் நிற்கும் இடத்துக்கு மூன்று பெட்டிகள். வாலை உள்ளே விடும்போது பின்னால் பார்க்க முடியாது, ஆகவே பக்கச் சக்கரம் வந்து நிற்கும் இடத்தில் தரையோடு ஒரு மரக்கட்டையை ஆணியடித்தோம். சக்கரம் அதில் முட்டினால் வாலுக்கும் சுவருக்கும் 40 சென்டிமீட்டர் இருக்கிறது என்று பொருள். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு டென்னிஸ் பந்தும் இதே வேலையைச் செய்யும், காற்றடித்தால் மட்டும் ஆடும்.

செஸ்னா இறக்கையின் பின்விளிம்பு சரியாக நெற்றி உயரத்தில் இருக்கும். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் வைத்து விளையாடும் நுரைக்குழாயை நெடுக்கக் கீறி மாட்டிவிடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் நல்லது. காற்றுவேகக் குழாய்க்குச் சிவப்பு உறை.

எரிபொருள், உப்பு, மைனா

நெருக்கி வைக்கும்போது ஒரு விமானத்தின் கசிவு இன்னொன்றின் பிரச்சினை ஆகிறது. செஸ்னாவின் தொட்டி நிறைய இருந்து, பகல் வெப்பத்தில் எரிபொருள் விரிந்தால், இடது இறக்கைக்கு அடியில் இருக்கும் காற்றுக்குழாய் வழியாகச் சொட்டும். எங்கள் அமைப்பில் செரோக்கி நிற்பது சரியாக அந்தப் பக்கம். தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி உள்ளே தள்ளாதீர்கள். தரை கொஞ்சம் சாய்வாக இருந்தால், எரிபொருள் தேர்வுக் குமிழை 'இரண்டும்' என்பதில் விடாமல் இடது அல்லது வலதில் வையுங்கள், இல்லையென்றால் மேட்டுப் பக்கத் தொட்டியிலிருந்து பள்ளத்துப் பக்கத் தொட்டிக்கு ஓடி அங்கே வழியும்.

9 கிலோ பொடி அணைப்பான் இரண்டு, ஒன்று வாசலில், ஒன்று பின்சுவரில். பேட்டரி சார்ஜ் செய்வது, தீப்பொறி பறக்கும் வேலை, இரண்டும் விமானத்தை வெளியே இழுத்த பிறகே. நான்கு விமானம் கோத்து நிற்கும் இடத்தில் ஒன்று பற்றினால் மற்றதை இழுக்க நேரம் இருக்காது.

கடலோர ஹேங்கரில் பறந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். ஈரத்தோடு நெருக்கி வைத்தால் காற்று புகாது, கீல்களிலும் ஆணித் தலைகளிலும் வெள்ளைப் பொடி பூக்கும். வாரம் ஒரு முறை கதவை அகலத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விடுகிறோம்.

அப்புறம் மைனா. இந்த நாட்டில் இன்று பறக்கும் மைனாக்கள் 1902-இல் டர்பனில் கூண்டிலிருந்து தப்பிய பறவைகளின் வழிவந்தவை. நம் முன்னோர் ஊரில் பார்த்த அதே பறவை, கண்ணைச் சுற்றி அதே மஞ்சள். எனக்குப் பிடிக்கும். ஆனால் என்ஜினின் காற்றுத் துளைகளுக்குள் ஒரே நாளில் ஒரு கைப்பிடி வைக்கோல் சேர்த்துவிடும், அது சூடான என்ஜினில் தீப்பிடிக்கும். பின்வரிசையில் நிற்கும் விமானத்தை யாரும் தினமும் பார்ப்பதில்லை, கூடு அங்கேதான் வரும். துளைகளுக்கு நுரை அடைப்பான் செய்து, சிவப்பு நாடா கட்டித் தொங்கவிடுங்கள்.

எழுதி வைக்க வேண்டியது

ஒருவர் விமானத்தை இன்னொருவர் நகர்த்தித்தான் ஆக வேண்டும். அப்போது ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர் நகர்த்தும்போது ஏற்படும் சேதத்தை உங்கள் காப்பீடு ஏற்குமா என்று காப்பீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யார் யாருக்கு நகர்த்த அனுமதி என்று பெயர்ப் பட்டியலும் வேண்டும். எங்கள் தாள் கதவுக்குப் பக்கத்தில், அட்டை விமானங்களை ஒட்டிய வரைபடத்துக்குக் கீழே தொங்குகிறது. அதில் கடைசி வரி: நகர்த்துபவர் போகும் முன் மூன்று சக்கரக் கட்டைகளையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இழுகம்பியைக் கழற்றிச் சுவரில் மாட்ட வேண்டும்.